நம்மாளு ரேட்டு

"நீங்க நம்மாளு, பார்த்துப் பண்ணுங்க."

மும்பையில் கல்யாணம், சீமந்தம், ஆயுஷ்ஹோமம், அறுபதாம் கல்யாணம் என்று படம் எடுத்துப் பிழைக்கிற என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு வருகிற ஃபோனில் முதல் நிமிஷத்திலேயே இந்த வசனம் வந்துவிடும். மாட்டுங்காவிலிருந்து கூப்பிட்டாலும் இதேதான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலியிலிருந்து கூப்பிட்டாலும் இதேதான். தேதி சொல்லியிருக்க மாட்டார்கள், மண்டபம் எது என்று சொல்லியிருக்க மாட்டார்கள், அதற்குள் நான் சொந்தக்காரன் ஆகிவிடுவேன். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து கிடப்பவனுக்கு அதைக் கேட்டால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்யும். அடுத்த வரியிலேயே அது டிஸ்கவுண்ட் கூப்பன் என்று தெரிந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த வசனத்தை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

சமையல் காண்ட்ராக்டரும் நம்மாளுதான், பாலக்காட்டுக்காரரோ தஞ்சாவூர்க்காரரோ. அவரிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். ஐம்பது பேர் கூட வந்தால் ஐம்பது இலைக்குக் காசை எண்ணி வைக்கிறோம். "அடுப்புதான் எரியுதே, இன்னும் ஐம்பது இலை போட்டா என்ன குறைஞ்சிடும்" என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும், "கேமராதான் கையில இருக்கே, சாயந்திரம் நலங்கையும் அப்படியே எடுத்துடுங்களேன்." வாத்தியார் லிஸ்ட் கொடுத்தால் மறு பேச்சு கிடையாது. மாட்டுங்கா பூக்கடையில் முகூர்த்த நாளன்று சொன்ன விலைக்கு மாலை வாங்குகிறோம். மாலை மறுநாள் குப்பைக்குப் போகும், இலை அன்றைக்கே போகும். முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைக்குக் காட்டப்போகிற ஒரே சாமானுக்குத்தான் இத்தனை பேரம். என்ன நியாயமோ!

ஃபிலிம் காலத்தில் இவ்வளவு தொல்லை இல்லை என்று தாராவியில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருத்தர் சொல்வார். ரோலுக்கு 36 படம். ரோல் விலை, கழுவுகிற கூலி, பிரிண்ட்டுக்கு இவ்வளவு என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. "அந்த மாமாவோட இன்னொண்ணு" என்று கேட்க வருகிறவரே ரோலை நினைத்து வாயை மூடிக்கொள்வார். டிஜிட்டல் வந்து ரோலை ஒழித்தது. கூடவே, ஃபோட்டோவுக்குச் செலவே கிடையாது என்ற நினைப்பையும் கொண்டுவந்து விட்டது.

செலவு எங்கேயும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2017-ல் வந்த நிக்கான் டி850-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரா ஃபைல் ஏறக்குறைய 50 எம்.பி. முதல் நாள் சாயந்திர ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 3,000 கிளிக் என்றால் 150 ஜி.பி. ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் உங்கள் தாலி கட்டும் படமும் சேர்ந்து போகும் என்பதால் ரெண்டு இடத்தில் காப்பி. ஆக 300 ஜி.பி. அந்தக் கேமராவின் ஷட்டரை 2 லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாக நிக்கானே சொல்கிறது. கல்யாணத்துக்கு 3,000 வீதம் போட்டால் அறுபத்தாறு கல்யாணத்தில் அந்தக் கணக்கு தீர்ந்தது.

அப்புறம் நேரம். மூவாயிரத்தில் கண் மூடினது, வாய் பிளந்தது, முன்னால் வீடியோக்காரர் முதுகு நிற்பது எல்லாம் கழித்து ஐநூறு தேறும். அதைப் பொறுக்கவே ஒரு நாள். படத்துக்கு மூணே நிமிஷம் திருத்தினாலும் ஐநூறுக்கு 25 மணி நேரம். ஆல்பம் டிசைன் தனி. அதை அனுப்பினதும் சம்பந்தி வீட்டிலிருந்து, "எங்க சைடு படம் கம்மியா இருக்கே" என்று பஞ்சாயத்து வரும். அதுவும் தனி. நீங்கள் பார்த்தது மண்டபத்தில் நான் நின்ற பத்து மணி நேரம் மட்டும். "ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பது அதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்? நம் ஆட்களுக்கு ஆடியும் மார்கழியும் கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலும் வைப்பதில்லை. மராட்டி, குஜராத்தி வீடுகளை வைத்து ஓட்டலாம் என்றால், அவர்களுக்குச் சாதுர்மாஸம் நாலு மாசம் அடைப்பு, துளசி விவாகம் முடிந்தால்தான் மேளச் சத்தம். நம் ஆடியும் புரட்டாசியும் அதற்குள்ளேயே வந்து விழுகின்றன. நம் மார்கழி அவர்களுக்கும் ஆகாத மாசம். மிச்சம் இருக்கிற நாளிலும் நல்ல முகூர்த்தம் எல்லோருக்கும் ஒரே தேதியில்தான் வரும். அன்றைக்கு அஞ்சு பேர் கூப்பிட்டால் நாலு பேருக்கு இல்லை என்றுதான் சொல்ல முடியும். நல்ல வருஷத்தில் 40 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் சேர்த்து மாதம் 50,000. மும்பையில் இது ஆடம்பரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு 6 லட்சம். ரெண்டு கேமரா பாடி, மூணு லென்ஸ், ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் சேர்த்து 5 லட்சம், நாலு வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம். சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க், ரிப்பேர், நடுராத்திரி டாக்ஸி ஒரு 75,000. மொத்தம் 8 லட்சம். நாற்பதால் வகுங்கள், நாளைக்கு 20,000. இதில் கூட வருகிற இன்னொரு ஃபோட்டோகிராஃபர் சம்பளம் இல்லை, ஆல்பம் இல்லை, சேமிப்பு என்று ஒற்றை ரூபாய் இல்லை.

இந்த 20,000-ஐ "நம்மாளு" சொல்லிப் பத்தாக்கினால் மிச்சப் பத்தாயிரத்தை யார் கொடுக்கிறார்கள்? என் வீட்டுக்காரம்மா. ஒரு நிமிஷம் முன்னால் ஃபோனில் அறிமுகமான உங்கள் குடும்பக் கல்யாணத்துக்கு நாங்கள் எழுதுகிற மொய் அது. எங்கள் சொந்த அத்தை பெண் கல்யாணத்துக்கே நாங்கள் பத்தாயிரம் எழுதியதில்லை!

"பத்தாயிரத்துக்கு ஆள் இருக்கே" என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கும் ரெண்டு வார்த்தை.

தம்பிகளா, திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனி சம்பளம் போடுகிறது, சனி ஞாயிறு ஆசைக்குக் கேமரா தூக்குகிறீர்கள். தப்பே இல்லை. உங்களில் சில பேர் என்னைவிட நன்றாக எடுக்கிறீர்கள், அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு. ஆனால் உங்கள் பத்தாயிரத்தில் வாடகையும் கிடையாது, ஆடி மாசமும் கிடையாது. அதையெல்லாம் உங்கள் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அந்த விலையை நீங்கள் ஊருக்குச் சொல்லும்போது, இதையே தொழிலாக வைத்திருப்பவனின் விலை கொள்ளை மாதிரி தெரிகிறது. "போர்ட்ஃபோலியோவுக்காக ஃப்ரீயா பண்றேன்" என்பது இன்னும் மோசம். ஃப்ரீயாக எடுத்துக்கொடுத்த வீட்டிலிருந்து அடுத்த வருஷம் முழு ரேட்டுக்குக் கூப்பிட்டதாக ஒருத்தராவது சொல்லுங்கள் பார்ப்போம். அந்த வீட்டின் சித்தப்பா கூப்பிடுவார், அவரும் ஃப்ரீயாகக் கேட்பார்.

ஃப்ரீயாக வாங்கிக்கொள்கிறவர்களுக்கு ஒரு சேதி. பதிப்புரிமைச் சட்டம், 1957, 17-ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட ஃபோட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது எனக்கு முழுப் பணம் கொடுத்தால் படம் உங்களுடையது. சும்மா எடுத்துக்கொடுத்த படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, எடுத்தவனே உரிமையாளன். உங்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணப் படம் அந்தத் தம்பியின் சொத்து. மிச்சம் பிடித்த பத்தாயிரத்துக்கு இது தேவையா?

கம்பெனி விழாக்களில் இந்தப் பாசம் எல்லாம் இல்லை, அங்கே நோய் வேறு. ரேட்டை ஒத்துக்கொள்வார்கள், பணம்தான் வராது. 2006-ஆம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி பதிவு செய்துகொண்ட சிறு தொழில்காரனுக்கு அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. பில்லின் அடியில் இதை ஒரு வரி எழுதிவைத்தால் சில இடங்களில் வேலை செய்கிறது. குடும்பங்களிடம் அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. அதனால்தான் தேதி குறிக்கும்போது பாதிப் பணம், ஆல்பம் கைக்கு வருவதற்கு முன் மீதி என்று நாங்கள் கறாராக நிற்கிறோம். "ஜி.எஸ்.டி. இல்லாம போட்டுக் குறைச்சுக்கோங்க" என்பவர்களுக்கு: எங்களுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பதிவே வரும். தாண்டினால் திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது. வேலையைக் குறையுங்கள். ரிசப்ஷனை விட்டுவிட்டு முகூர்த்தம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஆல்பம் வேண்டாம், ஃபைல் போதும் என்று சொல்லுங்கள். ஐநூறு படத்துக்குப் பதில் இருநூறு கேளுங்கள். நானே குறைத்துச் சொல்வேன், சந்தோஷமாகவே சொல்வேன். அதே வேலை, அதே ஆல்பம், பாதி விலை என்பது மட்டும் முடியாது.

ஆகவே கல்யாணம் வைத்திருக்கிற பெரியவர்களே, ஃபோன் பண்ணும்போது தேதி என்ன, மண்டபம் எது, எத்தனை வேளை, ஆல்பம் உண்டா இல்லையா, இதை முதலில் சொல்லுங்கள். நம்மாளா வேற்றாளா, எந்த ஊர், எந்தத் தெரு என்பதையெல்லாம் சாப்பிடும்போது சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். கடைசிப் பந்தியிலாவது ஃபோட்டோக்காரனுக்கு ஒரு இலை போடச் சொல்லியிருந்தால்.