ஹன்னிபால் என்றொரு மனிதர்

துப்பறியும் நாவல் வாசிப்பதை எங்கள் வீடுகளில் ஏறக்குறைய ஒரு குற்றமாகவே பார்ப்பார்கள். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையின் கையில் கொலைக் கதை இருந்தால் உம்மாவின் முகம் மாறிவிடும். "இதப் படிச்சி என்னத்துக்கு?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அநேகமான துப்பறியும் கதைகளில் ஒரு பிணம், ஐந்தாறு சந்தேக நபர்கள், கடைசி அத்தியாயத்தில் ஒரு விளக்கம் என்பதைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. புத்தகத்தை மூடியதும் செத்தவரின் பெயர்கூட மறந்துவிடும். ஆனால் அண்மையில் நான் வாசித்த ஒரு நாவலில் செத்தவர்தான் மனதில் நிற்கிறார், கொன்றவர் அல்ல. உம்மாமாரின் கேள்விக்கு அந்த நாவலை வைத்துப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நாவலின் பெயர் 'ரெய்க்யவிக் நைட்ஸ்'. எழுதியவர் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஆர்னல்டுர் இந்த்ரிதாசோன். ஐஸ்லாந்து மொழியில் 2012இல் வந்தது. விக்டோரியா கிரிப் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளியானது. எர்லெண்டுர் என்ற பொலிஸ்காரரை வைத்து இவர் எழுதிய நாவல்கள் பல. இந்த நாவலில் எர்லெண்டுர் இன்னும் துப்பறியும் அதிகாரி ஆகவில்லை. இரவில் ரோந்து போகும் ஓர் இளம் போக்குவரத்துப் பொலிஸ்காரர், அவ்வளவுதான்.

கதை 1974இல் நடக்கிறது. ஐஸ்லாந்தில் மனிதர் குடியேறி 1100 ஆண்டுகள் ஆனதை அந்த நாடு விழா எடுத்துக் கொண்டாடிய வருடம் அது. அப்போது முழு நாட்டிலும் இரண்டு இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களே இருந்தார்கள். எங்கள் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களின் சனத்தொகையை எட்டாத எண்ணிக்கை. இவ்வளவு சிறிய இடத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை என்பதுதான் நாவலின் தொடக்கம். நகருக்குள் பழைய காலத்தில் எரிப்பதற்காக மண் வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கிறது. அங்கே தெப்பம் விட்டு விளையாடப் போன மூன்று சிறுவர்கள் ஓர் ஆணின் உடலைக் காண்கிறார்கள். ஹன்னிபால் என்பது அவர் பெயர். வீடில்லை, குடிப்பழக்கம் உண்டு. குடித்துவிட்டு நீரில் விழுந்திருப்பார் என்று பொலிஸ் முடிவு செய்கிறது. கோவை மூடப்படுகிறது.

ஹன்னிபால் தூங்கிய இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெய்க்யவிக் நகரத்து வீடுகளைச் சூடாக்குவது பூமிக்கடியில் இருந்து வரும் சுடுநீர். பெரிய குழாய்களில் அது நகருக்கு வருகிறது. குழாயைச் சுற்றிச் சீமெந்தாலான ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள் புகுந்துதான் அவர் படுத்திருந்தார். ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் போகிற சூடு அவருடைய முதுகைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. குளிர் என்றால் நுவரெலியாவை மட்டுமே நினைக்கத் தெரிந்த எனக்கு இதை விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. பிறகு இந்தப் பக்கங்களை இரண்டு தடவை வாசித்தேன். ஆசிரியர் இங்கே அழவைக்க முயலவில்லை. குழாய் எங்கே போகிறது, உள்ளே எவ்வளவு இடம், அவருடைய பொருட்கள் எவை என்று மட்டும் சொல்கிறார்.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த ஷெர்லொக் ஹோம்ஸோடு ஒப்பிட்டால்தான் இந்த நாவல் என்ன செய்திருக்கிறது என்பது புரியும். ஹோம்ஸ் கதைகளிலும் தெருவோர மனிதர்கள் இருக்கிறார்கள். லண்டன் தெருச் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து அவர் வேவு பார்க்க வைப்பார். அவர்கள் அவருடைய கண்ணும் காதும். அதற்கு மேல் கதையில் அவர்களுக்கு வேலையில்லை. ஆர்தர் கொனன் டொயில் 1891இல் எழுதிய 'தி மேன் வித் த ட்விஸ்டட் லிப்' கதையில் ஒரு யாசகர் முக்கிய பாத்திரமாகவே வருகிறார். கனவான் ஒருவரைக் கொன்றுவிட்டார் என்று அவர்மீது சந்தேகம். கடைசியில் ஹோம்ஸ் நனைத்த பஞ்சால் அவருடைய முகத்தைத் துடைக்கிறார். அழுக்கும் தழும்பும் போய், காணாமற் போனதாகத் தேடப்பட்ட அதே கனவான் வெளிப்படுகிறார்! வாரத்துக்கு இரண்டு பவுண் சம்பளத்துக்குப் பத்திரிகையில் வேலை செய்தவர், அதை ஒரே நாளில் யாசகத்தில் சம்பாதிக்கலாம் என்று கண்டு வேடம் போட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையில் யாசகர் என்று ஒருவரே இல்லை. முகத்தைக் கழுவியதும் ஏழை மறைந்துவிடுகிறார். கையேந்துகிறவர்கள் எல்லாம் உள்ளுக்குள் பணக்காரர்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அந்தப் பேச்சுக்கும் இந்தக் கதைக்கும் தூரமில்லை.

ஹன்னிபாலின் முகத்தை எவ்வளவு துடைத்தாலும் ஹன்னிபால்தான் இருப்பார். ஒளித்து வைத்த பணம் இல்லை, மாறுவேடம் இல்லை. ஒரு காலத்தில் அவருக்கும் குடும்பம் இருந்தது, ஒரு விபத்தில் மனைவியை இழந்தார், அந்தத் துயரத்தில் இருந்து அவரால் மீள முடியவில்லை என்பது மட்டும் மெதுவாகத் தெரியவருகிறது. எர்லெண்டுர் அதைக் கண்டுபிடிப்பதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை. வேலை முடிந்த பிறகு, தன் சொந்த நேரத்தில், மேலதிகாரிகளின் அனுமதிகூட இல்லாமல் ஒவ்வொருவராகத் தேடிப்போய் "ஹன்னிபாலைத் தெரியுமா, எப்படிப்பட்டவர்?" என்று கேட்கிறார். உறவினரிடம் கேட்கிறார். தெருவிலேயே வாழும் மற்றவர்களிடமும் கேட்கிறார். அவர்களைச் சாட்சிகளாக மட்டும் நடத்தாமல், நண்பரை இழந்தவர்களாக நடத்துகிறார். இந்த நாவலில் துப்பறிதல் என்பது விசாரிப்புத்தான். நம் தமிழில் இந்தச் சொல்லுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது: பொலிஸ் செய்வதும் விசாரிப்பு, நோயாளியிடம் போய் சுகம் கேட்பதும் விசாரிப்பு. எர்லெண்டுர் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறார்.

ஏன் செய்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. சிறுவயதில் பனிப்புயலில் அகப்பட்டு அவருடைய தம்பி காணாமற் போனான், உடல் கிடைக்கவேயில்லை. காணாமற் போனவர்களைத் தேடாமல் அவரால் இருக்க முடியாது. இந்த நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இடையில் ஒரு சின்ன விடயம். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு. இந்த்ரிதாசோன் என்றால் இந்த்ரிதியின் மகன் என்றுதான் அர்த்தம். பெண் என்றால் தகப்பன் பெயரோடு 'டொட்டிர்' சேரும், திருமணம் முடித்தாலும் மாறாது. நம் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயரெழுத்து நிற்பதுபோல. அதனால் ஜனாதிபதியையும் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள், தெருவில் கிடப்பவரையும் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். ஹன்னிபாலின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள யாரும் முயலவில்லை. எங்கள் நிலை அதைவிட ஒரு படி கீழே. வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வருபவர்களுக்காக வீடுகளில் சில்லறை எடுத்து வைத்திருப்பார்கள். கொடுப்பதில் நம்மவர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் வழமையாக வரும் ஒருவர் வராமல் விட்டால் அது எத்தனையாவது வெள்ளிக்கிழமையில் நமக்கு உறைக்கும்?

நாவலில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. ஹன்னிபால் இறந்த அதே சமயத்தில் ஒழுங்கான வீடு வாசல் உள்ள ஒரு பெண்ணும் காணாமற் போகிறார். அவரை ஊரே தேடுகிறது. பிறகு அந்தச் சீமெந்துக் கூட்டுக்குள் ஒரு காதணி கிடைக்கிறது. இரண்டு கதைகளும் ஒன்று சேர்கின்றன. காதணி வந்த பிறகுதான் நாவலுக்கு வேகம் வருகிறது. வாசித்த என் சிநேகிதி ஒருத்தி, "அதுக்குப் பிறகுதான் சுவாரஸ்யம்" என்றாள். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. அந்தப் பெண் காணாமற் போயிருக்காவிட்டால் ஹன்னிபாலுக்கு ஒரு நாவல் கிடைத்திருக்குமா? வீடற்றவரின் மரணத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று சொல்ல வந்த ஆசிரியருக்கே, வீடுள்ள ஒருவரின் மரணம் துணைக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இதைச் சிநேகிதியிடம் சொன்னபோது அவள் வேறு விதமாகப் பதில் சொன்னாள்: வாசகர்கள் அப்படி இருந்தால் எழுத்தாளர் என்ன செய்வார், என்னையும் உன்னையும் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோக வேண்டாமா என்று. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நாவலிலேயே பதில் இருக்கிறது. எர்லெண்டுர் ஹன்னிபாலைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது காதணி கிடைத்ததற்குப் பிறகு அல்ல. கொலை என்றே தெரியாத நாட்களில், ரோந்தின்போது சில தடவை சந்தித்துப் பேசிய ஒரு மனிதர் எப்படிச் செத்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே தொடங்கினார்.