கொழுப்பும் சாம்பலும்

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளைத் தரிசித்து வருகிறவர்கள் திருநீறு கொண்டுவருவார்கள். ஜமதக்னி முனிவர் வேள்வி செய்த இடத்தில் வெட்டியெடுத்தது அது என்பது ஐதீகம். முனிவர் தீயில் சொரிந்த நெய்யெல்லாம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், இந்தச் சாம்பலைத்தான் காட்டவேண்டும்.

எபிரேய பாஷையில் இந்த விடை ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. 'தேஷென்' என்றால் கொழுப்பு, செழிப்பு. பலிபீடத்தில் கொழுப்பு எரிந்தபின் மிஞ்சும் சாம்பலுக்கும் அதுவே பெயர்.

கொழுப்புக்கு அப்பாஷையில் 'ஹேலெவ்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. பஞ்சத்தில் அடிபட்ட யோசேப்பின் குடும்பத்துக்கு எகிப்து மன்னன் தருவதாகச் சொன்னது தேசத்தின் 'ஹேலெவ்'. அதாவது, விளைவில் சிறந்த பாகம். ஆனால் 119-ஆம் சங்கீதம் அகங்காரிகளின் இருதயத்தை வருணிப்பதற்கும் இதே சொல்லைத்தான் எடுத்தாளுகிறது. 1611-ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடத்தில் 'கிரீஸ்' என்று போட்டார்கள். தடித்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. மழுங்கிய புத்தியைக் குறிக்கும் 'கிராஸ்' அதன் உடன்பிறப்பு. ஆயினும் இக்காலத்தில் கிரீஸ் என்றால் வண்டி மைதான் நினைவுக்கு வருகிறது. அதையே ஒருவர் கையில் தடவினால், ஆங்கில வழக்கில் லஞ்சம்!

தமிழருக்கு இதை விளக்க அகராதி வேண்டியதில்லை. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் பூரித்துப் போகிறோம். அதே குழந்தை பத்து வயதில் எதிர்த்துப் பேசினால், "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்கிறோம். தரங்கம்பாடியில் 1719-ல் காலமான சீகன்பால்கு தொடங்கிவைத்த பழைய ஏற்பாட்டுத் தமிழாக்க வேலையைத் தொடர்ந்தவர்களுக்கு இது பெரிய சௌகரியம். எகிப்தின் செழுமையைக் 'கொழுமை' என்றும், அகங்காரியின் இருதயத்தைக் கொழுத்தது என்றும் ஒரே வேர்ச்சொல்லால் சொல்லிவிட்டார்கள்.

ஒரே சொல் வாழ்த்தாகவும் வசவாகவும் இருப்பானேன்? யூதரின் பழைய சட்டத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. பலியிட்ட மிருகத்தின் கொழுப்பு முழுதும் ஆண்டவனுக்கு உரியது, மனிதர் உண்ணலாகாது. சிறந்த பாகம் எதுவோ அதைக் கொடுத்துவிட வேண்டும். வடமொழியில் 'ஸ்நேகம்' என்ற சொல் எண்ணெய்ப் பசையையும் அன்பையும் சேர்த்தே குறிப்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. கொடுத்தால் அன்பு, கொடாமல் தேக்கினால் இருதயத் தடிப்பு.

ஆகையால், பிள்ளைகள் மீது நாம் தாராளமாக வீசும் அந்த வசவில், பஞ்சகாலத்தில் களஞ்சியத்தைப் பூட்டிவைக்கிறவர்களுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்லது.