தண்ணிப் போத்தல் காவினவனுக்கும் ஒரு மட்ச் குடுங்கோ

15 வயதுக்குட்பட்ட பாடசாலை உதைபந்தாட்ட அணியில நான் முழு மட்சும் விளையாடினவன். வாங்கில இருந்த கோபத்தில எழுதுறன் எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம்.

அணியில 20 பேர். பயிற்சிக்கு 20 பேரும் வரவேணும், பிந்தினா மைதானத்தைச் சுத்தி ஓட்டம். மட்ச் எண்டு வந்தா அதே 11 பேர்தான். மிச்ச ஆக்கள் தண்ணிப் போத்தல் காவுவினம், வெளியில போன பந்து பொறுக்குவினம், நாங்கள் கோல் அடிச்சாத் துள்ளுவினம். 4-0 எண்டு வெல்லேக்க கடைசி 5 நிமிசத்துக்கு ரெண்டு பேரை இறக்கினா அது பெரிய உபகாரம்.

அரையிறுதியில எங்கட பின்களக்காரன் ஒருத்தனுக்குக் கால் பிரண்டிட்டுது. அந்த வருசம் ஒரு மட்சும் விளையாடாத ஒருத்தனை இறக்கிச்சினம். அவன்ர பக்கத்தாலதான் கோல் விழுந்தது. தோத்தம். பஸ்ஸில ஏறினதில இருந்து அவனுக்குத்தான் ஏச்சு. ஏசினதில நானும் ஒருத்தன். அதுக்குப் பிறகு அவன் மைதானப் பக்கம் வரவேயில்லை.

பிழை யாருடையது? வருசம் முழுக்க அவனை விளையாட விடாதவர்களுடையதா, அவனுடையதா?

“திறமையானவனைத்தானே இறக்கலாம்” என்பார்கள். தேசிய அணிக்கு அது சரி. 14 வயதில் திறமை என்று நாங்கள் பார்ப்பது பலவேளை உடம்பைத்தான். ஒரே வயதுப் பிரிவில் தை மாதம் பிறந்தவனுக்கும் மார்கழியில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். வளர்ந்தவன் தெரிவாகிறான், மட்ச் விளையாடி விளையாடித் தேறுகிறான். மற்றவன் வாங்கிலேயே பிந்திப் போகிறான். பிறகு “பாத்தியா, அவனிட்டத் திறமை இல்லை” எண்டு நாங்களே தீர்ப்பும் சொல்லுறம்.

விதியில இடமில்லையெண்டும் சொல்லேலாது. நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் அனுமதித்தால், இளையோர் போட்டிகளில் வெளியே எடுத்தவனைத் திரும்ப இறக்கலாம் என்று ஆட்ட விதிகளே சொல்கின்றன. துடுப்பாட்டத்தில்தான் சிக்கல். காயத்துக்குப் பதிலாக இறங்குபவன் பொதுவாகக் களத்தடுப்பு மட்டுமே செய்யலாம். அப்ப 11 பேரைத் தெரியிற இடத்திலயே ஆளை மாத்தவேணும்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. சிநேகபூர்வ மட்சுகளிலும் முதல் சுற்றிலும் எல்லாருக்கும் குறைஞ்சது அரை மட்ச். புதுசா இறங்குறவனுக்குப் பக்கத்தில அனுபவமுள்ள ஒருத்தனை விடுங்கோ. இறுதிப் போட்டிக்கு நல்ல 11 பேரையே இறக்குங்கோ, நான் குறுக்க நிக்கேல்லை.

“கிண்ணம் போனாப் பழைய மாணவருக்கு ஆர் பதில் சொல்லுறது?” எண்டு சேர்மார் கேப்பினம். ஒரே 11 பேரை நம்பி நாங்களும் கிண்ணம் எடுக்கேல்லையே, சேர்.

அடுத்த பருவம் ஒரு கொப்பியில ஒவ்வொரு பெடியன்ர பெயருக்கு நேரேயும் அவன் விளையாடின நிமிசத்தை எழுதிக்கொண்டு வாங்கோ. வருசக் கடைசியில 0 எண்டு நிக்கிற பெயர்களை அவங்கட தாய் தேப்பனுக்கு முன்னால வாசிச்சுக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகு திறமையைப் பற்றிக் கதைப்பம்.