கேபிளுக்கும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர், ரேம் பற்றியெல்லாம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். கேபிள் என்று வந்தால் மட்டும், "வெறும் ஒயர்தானே, ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். இது சரியா?

அமெரிக்காவின் லூமாஃபீல்டு நிறுவனம், தொழிற்சாலைகளுக்கான சி.டி. ஸ்கேனர்களைத் தயாரிக்கிறது. இந்த ஸ்கேனர் ஒரு பொருளைப் பல கோணங்களில் எக்ஸ்-ரே எடுத்து, அவற்றை இணைத்து முப்பரிமாணப் படமாகத் தரும். பொருளைப் பிரிக்கவே வேண்டாம். 2023-ல் இந்நிறுவனம் சில யு.எஸ்.பி.-சி கேபிள்களை ஸ்கேன் செய்தது. 129 டாலர் விலையுள்ள ஆப்பிள் தண்டர்போல்ட் 4 கேபிளின் முனைக்குள் பல அடுக்கு சர்க்யூட் போர்டு இருந்தது. 10 டாலருக்கும் குறைவான கேபிள்களின் உள்ளே இணைப்புகள் மிகக் குறைவு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான்!

அப்படியானால் மலிவான கேபிள் மோசமா? இல்லை. மொபைல் சார்ஜ் செய்ய அது போதும். ஆனால் யு.எஸ்.பி. 2.0-க்கான ஒயர்கள் மட்டுமே உள்ள கேபிளில் எஸ்.எஸ்.டி. டிரைவை இணைத்தால், வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது. தண்டர்போல்ட் 4-ன் வேகமோ 40 ஜிகாபிட். காரணம் தெரியாமல் நாம் டிரைவைத் திட்டுவோம்.

2024-ல் இதே நிறுவனம் ஓ.எம்.ஜி. கேபிளையும் ஸ்கேன் செய்தது. பாதுகாப்புச் சோதனைக்காக உருவாக்கப்பட்ட இந்தக் கேபிள், பார்க்கச் சாதாரணமானது. முனைக்குள்ளே கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்பும் சிப்பும், வை-ஃபை ஆன்டெனாவும் ஒளிந்திருக்கின்றன. முன்பின் தெரியாதவர் தரும் கேபிளைச் செருகக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்கேனரை நாம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. எனவே உள்ளே இருப்பதை வெளியே எழுத வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. எத்தனை வாட்ஸ், எவ்வளவு வேகம் என்ற இரண்டும் கேபிளின் மீதே அச்சிடப்பட வேண்டும். சில நிறுவனங்கள் இப்படி அச்சிடுகின்றன. மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

பொய்யாகவும் அச்சிடலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அச்சிட்டிருந்தால், பில்லோடு கடைக்குப் போய் நியாயம் கேட்கலாம். எதுவுமே எழுதாத கேபிளுக்கு எதைச் சொல்லிக் கேட்பது? அடுத்த முறை கேபிள் வாங்கும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு எண்களைத் தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.