அரக்கோணத்து விமானம், விசாகப்பட்டினத்துக் கடற்கரை

வாலாஜாபாத்தில் ரயிலேறினால் காஞ்சிபுரம் தாண்டி அரக்கோணம். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் 1992 முதல் இருந்தவை கடற்படையின் டியு-142எம் விமானங்கள். சோவியத் தயாரிப்பு, நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள். இந்தியா வாங்கியவை எட்டு. 2017 மார்ச் 29 அன்று அவற்றுக்கு ஓய்வு. அதே ஆண்டு டிசம்பரில் அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமானது. முயன்ற ஆந்திரம் பெற்றது. குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால், நிறுத்திவைப்பதோடு வேலை முடிவதில்லை. அலுமினியத் தகட்டுக்கு உப்புக்காற்று எமன். ரிவெட் அடித்த இணைப்புகளில் ஈரம் தங்கி, பெயின்ட்டுக்கு அடியிலேயே அரிப்பு பரவும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. கழுவி, பெயின்ட்டைச் சுரண்டி, அரித்த தகட்டை மாற்றும் கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இருக்கின்றன. தகடு வளைப்பதும் வர்ணம் பூசுவதும் இங்கே அன்றாடப் பிழைப்பு. வல்லம் வடகாலில் சிப்காட்டின் விண்வெளிப் பூங்காவும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று விமானப்படையின் மிக்-21 விமானங்களும் விடைபெற்றுவிட்டன. அவற்றுள் ஒன்றைத் தமிழக அரசு கேட்டு வாங்கி, கூரையுள்ள கொட்டகையில் நிறுத்தி, ஐ.டி.ஐ. மாணவர்களிடம் சீரமைக்கக் கொடுக்கட்டும். வெயிலில் பீடம் கட்டி ஏற்றிவிட வேண்டாம்.