பத்து நாள் ஆசான்கள்

மார்ச்சு மாதத்து இளவேனில் விடுமுறை பிறந்ததும் தென் கலிபோர்னியாவின் கிறித்தவக் கல்லூரி வாயில்களிலிருந்து வேன்கள் வரிசையாகத் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. எல்லையைக் கடந்தால் டிஹுவானா. கிழக்கே தள்ளி மெக்சிக்காலி. அந்நகரங்களின் ஓரங்களில், தார் காணாத தெருக்களும் தகரக் கூரைகளுமாய்ப் பரந்து கிடக்கும் குடியிருப்புகளே அவை சென்று சேரும் இடம். இறங்கும் மாணவர் கையில் கிட்டார் இருக்கும். பெட்டிகளில் வண்ணத்தாள், பசை, மணிகள், பந்து, பலூன். பாட்டுச் சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகள் ஓடி வருவர். ஒரு வாரமோ பத்து நாளோ அங்கே சிறுவர் விவிலிய வகுப்பு நடைபெறும். நம்மூர்த் திருச்சபைகளில் கோடை விடுமுறையில் ‘வி.பி.எஸ்.’ என்ற பெயரால் நடக்கும் அதே ஆட்டமும் பாட்டும் கதையும் கைவேலையும்தான். ஆயினும் நம்மூரில் வகுப்பு எடுத்த அக்காவை அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்க்கலாம். அங்கே கதை சொன்னவர் பதினோராம் நாள் தம் கல்லூரி விடுதிக்குத் திரும்பியிருப்பார்.

மெக்சிக்கோ ஓர் எடுத்துக்காட்டே. ஹோண்டுராஸ், குவாத்தமாலா, ஹெய்ட்டி, கென்யா, பிலிப்பைன்ஸ் எனப் பட்டியல் நீளும். சமயச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, அமெரிக்கத் திருச்சபையினருள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறான குறுங்கால அருட்பணிப் பயணமாக அயல்நாடு செல்கின்றனர். அவர்களுள் இளையோரும் உண்டு. இஃது அவர்தம் சமயத்தின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்குதல் எளிது. பிறர் பிள்ளைகள் நடுவில் நிற்கும்போது எதுவும் வீட்டு விவகாரமாக இருக்க முடியாது என்பது நம் கருத்து. அன்றியும், இம்மரபின் தொன்மையான வேர்களுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே இறங்கியிருக்கிறது.

1806 ஆகஸ்டில், மாசச்சூசட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் வெட்டவெளியில் செபிக்கக் கூடினர். இடிமழை வந்தது. வைக்கோற்போர் ஒன்றின் கீழ் ஒதுங்கியவர்கள், கீழை நாடுகளுக்கு நற்செய்தி கொண்டு செல்வதென அங்கேயே உறுதி பூண்டனர். அமெரிக்க மாணவர் அருட்பணியின் வரலாற்றை எழுதுவோர் அந்த வைக்கோற்போரிலிருந்தே தொடங்குவர். 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் அமைந்தது. ஐவருள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார். 1822இல் நோயுற்று அங்கேயே இறந்தார். அவருடன் வந்த டேனியல் பூவர் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தலைமையேற்று நடத்தி, 1855இல் வாந்திபேதி கண்டு மானிப்பாயில் மாண்டார். உடுவிலில் பணியாற்றிய மிரன் வின்ஸ்லோ, பின்னர் சென்னைக்கு வந்து, 1862இல் தமிழ் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் வந்து, தமிழைக் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். 1886இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் கூடிய மாணவர் மாநாட்டிலும் நூறு பேர் அயல்நாட்டுப் பணிக்கு முன்வந்தனர். அவர்கள் கொடுத்ததும் ஆயுள் முழுமைக்குமான வாக்கு.

அக்காலத்தவரை மாசற்றவரென்று நாம் புகழவில்லை. யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிப் பள்ளிகளில், ஆண்டு நன்கொடை அனுப்பிய அமெரிக்கரின் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என நம் இலக்கிய வரலாற்றில் இன்றும் நிற்கும் பெயர்கள் அவ்வழக்கத்தின் தழும்புகள். சோறும் துணியும் எழுத்தும் ஒரு கையாலும் சமயம் மறு கையாலும் நீட்டப்பட்டன. பசித்த பிள்ளைக்கு எந்தக் கை எதைக் கொடுக்கிறதென்று பிரித்தறிய வழியில்லை. அன்றைய சைவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்புமில்லை.

ஆனால், கொதித்தெழ அவர்களுக்கு ஓர் எதிராளி அங்கே இருந்தான். இதுவே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. வந்தவர் தங்கினர். தங்கியதால் கேள்விக்கு உள்ளாயினர். மகன் மதம் மாறுகிறானென்று அஞ்சிய தந்தை பாதிரியாரின் வீட்டு விறாந்தையில் போய் நின்று சண்டையிட முடிந்தது. அவருக்கு விளங்கும் மொழியில், தம் சொந்த மொழியில், முகத்துக்கு நேரே. வெஸ்லியன் மிஷனின் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலரே அவர்களின் முறைகளை உள்ளிருந்து கற்று, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், பிரசங்கத்துக்குப் பிரசங்கம், நூலுக்கு நூல் எனப் பதில் கொடுத்தார். வட்டுக்கோட்டையில் பயின்ற சி.வை. தாமோதரம்பிள்ளை சைவம் தழுவி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அப்போரில் எவர் வென்றார் என்பது இங்கே நம் வினாவன்று. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டு, எடைபோட்டு, மறுத்து, ஏற்று, தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளப் போதிய காலமும் எதிரில் நின்று பதிலிறுக்க ஓர் ஆளும் இருந்தன.

பத்து நாள் ஆசானிடம் இது நடவாது. தாய்க்கு ஐயம் பிறந்து, அதைத் தன் கணவனிடம் பேசி, வந்து கேட்கலாம் என்று துணியுமுன் வேன் எல்லை கடந்துவிடும்.

அவ்வகுப்பில் குழந்தையிடம் சொல்லப்படுவது சிறிய செய்தியுமன்று. கைவேலை நேரத்தில் பல இடங்களில் பிள்ளைகள் கோத்து அணியும் மணிக்கயிற்றைப் பாருங்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பொன், பச்சை என ஐந்து மணிகள். 1866இல் இலண்டனில் போதகர் ஸ்பர்ஜன் மூன்று நிறத் தாள்களைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் பிறந்து, பிறரால் மேலும் இரு நிறம் சேர்க்கப்பட்டு, ‘சொல்லில்லாப் புத்தகம்’ என்ற பெயரில் உலகெங்கும் சிறுவர் ஊழியத்தில் புழங்கும் முறை இது. கறுப்பு பாவத்தைக் குறிக்கும், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இதயம், பொன் விண்ணகம், பச்சை வளர்ச்சி. இருபது வயது மாணவி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஸ்பானியத்தில் சொல்கிறார். எதிரே ஆறு வயதுப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு மணியின் துளையில் நூலை நுழைக்கிறது. நீ பாவி, உனக்காக ஒருவர் இறந்தார், இப்போதே முடிவு செய் என்பது கற்றறிந்தோரும் ஆயுள் முழுதும் மல்லாடும் பொருள். அதைப் பத்து நிமிடத்தில், நூலும் மணியும் கையிலிருக்க, அக்குழந்தை கேட்கிறது. கரிய நிறத்துக் குழந்தைகள் நிறைந்த ஊரில் வெளிர்நிறத்து விருந்தினர் கறுப்பு மணியைத் தூக்கிக் காட்டிப் பாவம் என்று விளக்கும் காட்சியில் உள்ள குரூரத்தை, அதைச் செய்வோர் நினைத்துப் பார்ப்பதாகவும் தெரியவில்லை.

பிறகு, ஏற்றுக்கொள்வோர் கை உயர்த்தச் சொல்வர். கைகள் உயரும். எண்ணப்படும். ஊர் திரும்பியதும் நன்கொடையாளருக்கு எழுதும் மடலில் அவ்வெண் இடம்பெறும். அன்பாகப் பேசி, ஆடிப் பாடி, தின்பண்டம் தந்த விருந்தாளி கேட்டால் எந்தப் பிள்ளைதான் கை உயர்த்தாது? அடுத்த கோடையில் வேறொரு குழு வரும்போதும் அதே பிள்ளை உயர்த்தும். இவ்வாறு எண்ணுவதை அருட்பணித் துறையிலேயே பலர் வெளிப்படையாகக் கண்டித்துள்ளனர் என்பதை நேர்மையின் பொருட்டுச் சொல்லியாக வேண்டும்.

இனி, பெற்றோரின் சம்மதம். தம் நாட்டில் இவர்கள் எவ்வாறு நடக்கிறார்கள் என்பதை நோக்கினால் உண்மை புலப்படும். நியூயார்க் மாநிலத்து மில்ஃபோர்டு என்னும் சிற்றூர்ப் பள்ளியில், வகுப்பு முடிந்தபின் ‘நற்செய்திச் சங்கம்’ என்ற சிறுவர் விவிலியக் குழு கூட அனுமதி கேட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001இல் ஒன்பது நீதிபதிகளுள் அறுவர் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். அவர்கள் சாய்ந்து நின்ற தூண்களுள் ஒன்று யாது? பெற்றோரின் அனுமதி இன்றிப் பிள்ளைகள் அங்கே வருவதில்லை; ஆகவே வற்புறுத்தலுக்கு இடமில்லை; முடிவு செய்வோர் பெற்றோரே என்பதுதான். உள்நாட்டில் தங்கள் உரிமையை நிலைநாட்டிய அதே வாதத்தை, எல்லைக்கு அப்பால் எத்தனை குழுவினர் கடமையாகக் கொள்கின்றனர்? கிட்டாரைத் தட்டினால் பிள்ளைகள் கூடுகின்றன. அனுமதிச் சீட்டு எங்கே? குழந்தையின் சமயச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு ஒருங்கே காக்கிறது. 1989இல் வந்த அவ்வுடன்படிக்கையை அமெரிக்கா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. குழுக்கள் சென்றிறங்கும் நாடுகளோ செய்துள்ளன.

சம்மதத்தை இலேசாகக் கருதும் மனம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு ஹெய்ட்டி ஒரு கொடிய சான்று. 2010 சனவரியில் நிலநடுக்கம் நிகழ்ந்த சில வாரங்களில், அமெரிக்கத் திருச்சபைக் குழுவினர் பதின்மர் 33 குழந்தைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு செல்ல முயன்று எல்லையில் பிடிபட்டனர். அநாதைகள் எனப்பட்ட அவர்களுள் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். அக்குழுவினர் மாணவர் அல்லர். விவிலிய வகுப்பு நடத்தியவரும் அல்லர். விதிவிலக்கு என்றே ஒப்புக்கொள்வோம். நாங்கள் நல்லவர்கள், ஆகவே எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் மட்டும் விதிவிலக்கன்று.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராசைச் சூறையாடியபின், வட அமெரிக்கக் குழுக்கள் பறந்து சென்று வீடு கட்டின. அங்கேயே வாழ்ந்து ஆய்ந்த கர்ட் வெர் பீக் 2006இல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு குழு தன் பயணத்துக்குச் செலவிட்டது சராசரி 30,000 டாலர், உள்ளூரார் கட்டிய வீட்டின் விலை 2,000 டாலர். போய் வந்தவர் வாழ்விலும் வழங்கும் கொடையிலும் நிலைத்த மாற்றம் சொற்பமே என்பதையும் அவர் கண்டார். அவர் இப்பயணங்களின் பகைவர் அல்லர். தாமும் ஒரு கிறித்தவப் பேராசிரியர். விவிலிய வகுப்புக்கும் இக்கணக்கு பொருந்தும். மெக்சிக்காலியின் சிறு திருச்சபையில் ஞாயிறுதோறும் ஊதியமின்றிப் பாடம் எடுக்கும் பெண்மணிக்கு அப்பிள்ளைகளின் பெயர் தெரியும். எவன் வீட்டில் தகப்பன் குடிக்கிறான், எவளுக்கு இரவில் காய்ச்சல் அடிக்கிறது என்பதும் தெரியும். குழு வரும் வாரத்தில் அவர் ஓரத்தில் நின்று சாற்றுக் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருப்பார். குழு போனபின், பலூனும் கிட்டாரும் இல்லாத தம் வகுப்பைப் பிள்ளைகளுக்குச் சுவைக்கச் செய்ய வேண்டிய பாடும் அவருடையதே.

இவான் இல்லிச், தாமே கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். மெக்சிக்கோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவரிடம் 1968 ஏப்ரலில் கடுமையாகவே பேசினார்: சுற்றிப் பார்க்கவும் கற்கவும் வாருங்கள், உதவ வேண்டுமென்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். அவ்வளவு தூரம் நாம் செல்லவில்லை. கடற்கரைக் கேளிக்கைக்குக் கிடைத்த விடுமுறையைப் பிறர்க்கென ஒதுக்கி, கார் கழுவியும் உறவினரிடம் கையேந்தியும் செலவுக்குப் பணம் சேர்த்து, புழுதியில் குழந்தைகளோடு உருளும் இளைஞரிடம் நாம் காண்பது தன்னலம் அன்று. தம் சமயத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு; நாவலருக்கு இருந்த அதே உரிமை. விதைப்பதே எம் வேலை, விளைவிப்பவர் ஆண்டவர் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. விதைப்பவன் நிலத்துக்கு உடையவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நம் மறுமொழி.

நெறிமுறைகள் இல்லாமலும் இல்லை. குறுங்காலப் பணிக்கென அமெரிக்க அமைப்புகள் 2003இலேயே ஏழு தரநியமங்களை வகுத்துக்கொண்டன. இரு தரப்பாரும் கூடித் திட்டமிடுதல், தக்க பயிற்சி, தொடர்பணி ஆகியன அவற்றுள் அடங்கும். ஏற்பது அவரவர் விருப்பம் என்பதால் அவை ஏட்டளவில் நின்றுவிடும் இடங்களே மிகுதி. பயணத்துக்குக் கையொப்பமிடும் கல்லூரி நிருவாகங்கள்தாம் இதைத் திருத்த வல்லவை. வகுப்பை உள்ளூர் ஆசிரியை தம் மொழியில் நடத்தட்டும். மாணவர் நாற்காலி போடட்டும், பந்து விளையாடட்டும், கற்றுக்கொள்ளட்டும். என்ன பாடம், எந்நாள், எவர் நடத்துவது என்பதைப் பெற்றோர் மொழியில் எழுதி, வகுப்புக்கு முன்பே அவர்கள் கையொப்பம் பெறட்டும். உள்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் சிறுவரோடு பழகுவோர்க்குக் கட்டாயமாக உள்ள பின்னணிச் சோதனை இங்கும் தளர வேண்டாம். கை உயர்த்தச் சொல்லுதலும் எண்ணி எழுதுதலும் நிற்கட்டும். ஒரு குழு திரட்டும் தொகையில் ஒரு பங்கு, அப்பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் பாடம் சொல்லும் உள்ளூர் ஆசிரியைக்கு ஊதியமாகப் போய்ச் சேர வேண்டும். இவற்றுக்கு இசையாத குழுவின் விண்ணப்பத்தை, அடுத்த மார்ச்சுக்கு முன்னரே, கல்லூரி திருப்பி அனுப்புவதே முறை.