ராபின்சன் நாணயம்

வெள்ளையர்க்கு மட்டுமே எனப் பூட்டிக் கிடந்த அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்பால் ஆடுகளத்தில், 1947 ஏப்ரல் 15 அன்று, கருப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் காலடி வைத்தார். ஐம்பதாண்டு கழிந்து, 1997-இல், அவர் நினைவாக அந்நாட்டரசு வெள்ளி டாலர் அச்சிட்டது.

அங்கே அச்சான காசுக்குச் சிவகாசியில் என்ன பேச்சு என்பீர்கள், தோழர்களே! இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளி நாணயத்தின் விலையிலும் பத்து டாலர் கூடுதலாக வாங்கி, அத்தொகையை ராபின்சன் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் கல்விப் பணிக்கு ஒதுக்கினார்கள். சிலைக்கு மாலையிட்டுத் திரும்பியே பழகிய நமக்கு இது புதுமையன்றோ? விருதுநகர் ஈன்ற காமராசருக்கும் நூற்றாண்டு நாணயம் வந்தது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தவரின் முகம் சேகரிப்போர் பேழையில் உறங்குகிறது.

1952-இல் ஹெல்சிங்கியில், விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் ஈட்டிய மல்லர் கே. டி. ஜாதவ், நன்கொடை திரட்டியே பயணம் போனார். அவருக்கொரு வெள்ளி நாணயம் வார்க்கட்டும் ஒன்றிய அரசு. அதன் கூடுதல் விலை, ஊரார் வெற்றிக்கெல்லாம் வெடி செய்து தந்து, அலுமினியத் தூள் படிந்து கை வெள்ளியாய் மின்னும் பட்டாசுத் தொழிலாளியின் மக்களுக்கு ஓடுகளமாக, பயிற்சியாக வரட்டும். விருதுநகர் மாவட்டக் கிளைகள் இதனைத் தீர்மானமாக்கி டில்லிக்கு அனுப்புக.